ரிக்கைக் கடைசியில் வாங்குங்க

பவானியில் ஹாம் ரேடியோ வைத்திருக்கிற யாரும் ஒரு கட்டத்தில் மலையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். காரணம் இரைச்சல். ஆற்றுக்கு அக்கரையில் குமாரபாளையம், இக்கரையில் நாங்கள். இரண்டு கரையிலும் விசைத்தறி மோட்டார், எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், மலிவு சார்ஜர். வீட்டில் உட்கார்ந்து 7 மெகாஹெர்ட்ஸில் காதை வைத்தால் ஒரே கரகரப்பு. பக்கத்து மாவட்டத்துக்காரர் கூப்பிடுவதுகூட அதில் அமுங்கிப் போகும். சங்கமேஸ்வரர் கோயிலைச் சுற்றி ஐந்து மலைகள் என்று இங்கே சொல்வார்கள்: சங்ககிரி, நாககிரி, வேதகிரி, மங்களகிரி, பத்மகிரி. நாககிரி என்றால் திருச்செங்கோடு, வேதகிரி என்றால் நம்ம ஊராட்சிக்கோட்டை. இதில் ஏதாவது ஒன்றின் மேலே ஏறி ஒரு வயரைக் கட்டிப் பாருங்க. ரேடியோ கெட்டுவிட்டதோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு அமைதியாக இருக்கும். பிறகு அந்த அமைதிக்குள்ளிருந்து கொச்சியும் பெங்களூரும் மதுரையும் ஒவ்வொன்றாக எழும்பி வரும்.

லைசன்ஸ் கைக்கு வந்ததும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "மலைக்கு எந்த ரிக் வாங்கலாமுங்க?" ரிக் என்றால் அனுப்பவும் கேட்கவும் உதவும் ரேடியோப் பெட்டி. கேள்வியே தலைகீழ் என்பது என் எண்ணம். அதனால்தான் ரிக்கைக் கடைசி எண்ணில் வைத்திருக்கிறேன். மற்றதைத் தாண்டிப் போய் அதை மட்டும் படிக்காதீங்க, கண்ணுகளா.

1. முதலில் மலையை முடிவு பண்ணுங்க. மலை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொன்றும் கேட்கிற சாமான் வேறு. சென்னிமலைக்கு 1,320 படியும் இருக்கிறது, வண்டிப்பாதையும் இருக்கிறது. ஆனால் கோயில் கூட்டத்துக்கு நடுவில் இருபது மீட்டர் வயரை விரிக்க இடம் தேடணும். சங்ககிரி துர்க்கம் வெயிலில் காய்கிற பாறை; கோட்டை வாசல் ஒவ்வொன்றாகத் தாண்டி ஏறணும், ஆன்டெனா கட்ட உயரமான மரத்தை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். பாலமலை சித்தேஸ்வரர் கோயிலுக்கு நல்ல நடை. ஏற்காட்டுச் சேர்வராயன் கோயில் உச்சி 1,600 மீட்டருக்கு மேல், ஆனால் பக்கம் வரை ரோடு. ரோடு போகிற உச்சிக்கு நான்கு கிலோ கொண்டு போனாலும் ஒன்றுமில்லை. பாலமலைக்கு அதே நான்கு கிலோ பாதி வழியில் உங்களைத் திட்ட வைக்கும்.

உலகம் முழுக்க இந்தப் பொழுதுபோக்குக்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. 'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்', சுருக்கமாக சோட்டா. 2002 மார்ச் 2-ம் தேதி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தொடங்கியது. அதன் விதிகள் எனக்குப் பிடித்தவை. கடைசி ஏற்றத்தை மோட்டார் உதவியில்லாமல் ஏறணும். சாமான் எல்லாவற்றையும் நீங்களே சுமக்கணும். காரிலிருந்து மின்சாரம் எடுக்கக் கூடாது, ஜெனரேட்டர் கூடாது. உச்சியிலிருந்து 25 மீட்டர் இறக்கத்துக்குள்தான் இயக்கணும். நான்கு பேரிடமாவது பேசினால்தான் மலைக்கான புள்ளி. தரையில் உள்ள ரிப்பீட்டர் வழியாகப் பேசியது கணக்கில் வராது. புள்ளிக்காக ஏறுகிறீர்களோ இல்லையோ, இந்த விதிகளை வைத்துக்கொண்டு சாமான் தேர்ந்தெடுத்தால் தப்பு நடக்காது.

2. எல்லாவற்றையும் தராசில் வைங்க. கம்பெனி விளம்பரத்தில் இருப்பது ரிக்கின் எடை மட்டும். நீங்க சுமப்பது ரிக், பேட்டரி, மைக், கோஆக்ஸ், வயர், கம்பு, கயிறு, பை. கூடவே தண்ணீர். ஈரோட்டுப் பக்கத்துச் சித்திரை வெயிலில் மூன்று லிட்டர் இல்லாமல் பாறை மலை ஏறக் கூடாது. அது மட்டும் மூன்று கிலோ. அதில் கை வைக்க முடியாது. நான் வைத்திருக்கும் அளவு சுலபமானது: ரேடியோ சாமான் மொத்தமும் தண்ணீரின் எடையைத் தாண்டக் கூடாது. சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்து நோட்டில் எழுதினால் எதிரி யாரென்று தெரிந்துவிடும். பெரும்பாலும் ரிக் அல்ல. யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றிய ஈய பேட்டரி, வீட்டு ஆன்டெனாவில் மிச்சமான தடி கேபிள், 'எதுக்கும் இருக்கட்டும்' என்று போட்ட ட்யூனர், இவைதான்.

ஊர்ப் பெருமைக்காகப் பவானி ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. 2005-ல் புவிசார் குறியீடு வாங்கிய சாமான்தான், மறுக்கவில்லை. உட்கார ஒரு பிளாஸ்டிக் சாக்கு போதும்.

3. காசை ஆன்டெனாவில் போடுங்க. அதாவது காசும் பெரிதாகத் தேவையில்லை, நேரத்தைப் போடுங்க. வீட்டு 100 வாட் ரிக்கை விட்டுவிட்டு 5 வாட்டுக்கு வந்தால் 13 டெசிபல் நட்டம். எதிராளியின் எஸ் மீட்டரில் அது ஏறத்தாழ இரண்டு எஸ் அளவு. அவ்வளவுதான்! இரைச்சலில்லாத இடத்தில் உட்கார்ந்து, முழு நீள வயரைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டினால் அந்த நட்டம் பெரும்பாலும் தெரியாது. அதே 5 வாட்டை ரிக் தலையில் செருகும் குட்டைக் குச்சி ஆன்டெனாவில் 7 மெகாஹெர்ட்ஸுக்கு ஊட்டினால், பெரும்பகுதி சூடாகவே போய்விடும். ரிக்கோடு இலவசமாகக் கொடுக்கிறார்களே என்று நம்பி ஏறாதீங்க.

தொடங்குகிறவர்களுக்கு இரண்டு வகை சொல்வேன். ஒன்று, நடுவில் ஊட்டும் டைபோல். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும்: 7.1-க்கு 20 மீட்டர், கைக்குப் பத்துப் பத்து. 14.2-க்கு மொத்தம் பத்து, கைக்கு ஐந்து ஐந்து. ஒவ்வொரு கையிலும் ஐந்தாவது மீட்டரில் வயரை வெட்டி, ஒரு சின்ன பிளக்கோ முதலைக் கிளிப்போ வைத்து இணைக்கவும் பிரிக்கவும் வசதி செய்துகொண்டால் இரண்டு பேண்டும் ஒரே வயரில். ட்யூனர் வேண்டாம். நடுவைக் கம்பு உச்சியில் கட்டி, இரண்டு கையையும் சரிவாகத் தாழ்த்தி இறக்கினால் போதும்.

இரண்டாவது, ஒரு முனையில் ஊட்டும் அரை அலை வயர். 20 மீட்டர் சொச்சம் ஒரே வயர். முனையில் ஃபெரைட் வளையத்தில் 2-க்கு 14 சுற்று சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர். சுற்று விகிதம் 7, மின்மறுப்பு விகிதம் 49. ஐந்து பத்து வாட்டுக்குச் சின்ன வளையம் போதும். தீப்பெட்டி அளவு டப்பாவில் அடங்கும். 7, 14, 21, 28 நான்கிலும் வேலை செய்யும். சங்ககிரி மாதிரிப் பாறையில் இதுதான் சௌகரியம், ஒரு முனையைக் கீழே கல்லில் கட்டிவிட்டு மறுமுனையைக் கம்பு மேலாகக் கொண்டுபோய் இறக்கிவிடலாம்.

உயரம் போதவில்லையே என்று கவலைப்படுபவர்களுக்கு: 7 மெகாஹெர்ட்ஸில் தாழ்வான வயர் சக்தியை மேல்நோக்கி அனுப்பும், அயன மண்டலம் அதை மழை மாதிரி சுற்றிலும் கீழே திருப்பிக் கொடுக்கும். சில நூறு கிலோமீட்டர் வட்டத்துக்கு அது வரம். சென்னையும் திருவனந்தபுரமும் அந்த வட்டத்தில்தான் இருக்கின்றன. காலை வேளையில் தென்னிந்திய ஹாம்கள் 7 மெகாஹெர்ட்ஸில் நிறையப் பேர் இருப்பார்கள். நான்கு கான்டாக்ட் முடிக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. ஐரோப்பா, ஜப்பான் என்று ஆசை இருந்தால் 14-க்கும் 21-க்கும் மாறுங்க. அங்கே உயரமும் கேட்கும், பொறுமையும் கேட்கும்.

வயர் விஷயத்தில் ஒரு வார்த்தை. வீட்டு வயரிங்குக்கு விற்கும் 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் இருபது மீட்டர் இருநூறு கிராமைத் தாண்டும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் மெல்லிய பல இழை வயர் அதில் பாதிகூட இருக்காது, முறுக்கு விழாமல் சுருட்டவும் வரும்.

4. கம்பும் கயிறும். தொலைநோக்கி மாதிரி ஒன்றுக்குள் ஒன்று நுழையும் தூண்டில் கம்பு, ஆறு ஏழு மீட்டர் நீளத்தில் கிடைக்கும். ஃபைபர் கிளாஸ் வாங்குங்க. கார்பன் கம்பு எடை குறைவு என்று கடைக்காரர் சொல்வார். ஆனால் கார்பன் மின்சாரம் கடத்தும், ஆன்டெனாவைக் கெடுக்கும், மின்கம்பிப் பக்கம் போனால் ஆளையும் கெடுக்கும். கம்பின் நுனிக்கண்ணி மெல்லியது, அதில் எதையும் தொங்கவிட வேண்டாம். ஒன்றிரண்டு கண்ணியை வெளியே எடுக்காமல் விட்டுவிட்டு, தடித்த இடத்தில் கட்டுங்க. கயிறுக்குக் கொத்தனார் மட்டம் பிடிக்கும் நைலான் நூல் அருமை: கிராம் கணக்கில் எடை, கண்ணில் படும் நிறம். பாறையில் முளை அடிக்க முடியாது என்பதால் மூன்று திசையிலும் கல்லைச் சுற்றிக் கட்டணும். சங்ககிரிக் கோட்டை தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது; சுவரில் ஆணி அடிப்பது, கல்லைப் பெயர்ப்பது எதுவும் கூடாது. 1805-ல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட இடம் அது, நம்ம மக்களுக்கு வெறும் மலை அல்ல.

5. கோஆக்ஸைக் குறைங்க. ஆர்ஜி-58 பத்து மீட்டர் முந்நூற்றைம்பது கிராம் சொச்சம். ஆர்ஜி-174 அதில் மூன்றில் ஒன்று. 7 மெகாஹெர்ட்ஸில் பத்து மீட்டர் மெல்லிய கேபிளில் போகிற நட்டம் ஒரு டெசிபல் அளவுதான், போனால் போகட்டும். ஆனால் அதே மெல்லிய கேபிளை 145 மெகாஹெர்ட்ஸுக்குப் போட்டால் சக்தியில் பாதி கேபிளுக்குள்ளேயே தீர்ந்துவிடும். அங்கே கேபிளையே இரண்டு மூன்று மீட்டராக வெட்டிவிடுங்க.

6. பேட்டரிக்குக் கணக்குப் போடுங்க, குத்துமதிப்பு வேண்டாம். ஐந்து வாட் ரிக் ஒன்று கேட்கும்போது 0.45 ஆம்பியரும் அனுப்பும்போது 2 ஆம்பியரும் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேரம் உட்காருகிறீர்கள், அதில் கால்வாசி நேரம் பேசுகிறீர்கள். கேட்க ஒரு ஆம்பியர்-மணி, பேச ஒன்றரை. மொத்தம் இரண்டரை. எஸ்எஸ்பியில் வார்த்தைக்கு நடுவே மின்சாரம் இறங்குவதால் நிஜத்தில் இன்னும் குறையும். ஆக 3 ஆம்பியர்-மணி உள்ள லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி தாராளம்; நானூறு கிராம் அளவில் வரும். அந்த 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி இரண்டு கிலோவுக்கு மேல்.

18650 செல்களை வைத்துத் தானே கட்டுகிறவர்கள் பாதுகாப்புப் பலகை இல்லாமல் கட்ட வேண்டாம். செல் ஒன்று ஐம்பது கிராமுக்குள். மூன்றைத் தொடராகக் கட்டினால் முழுச் சார்ஜில் 12.6 வோல்ட். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் நான்கு செல் முழுச் சார்ஜில் 14.6 வரை போகும். சில குட்டி ரிக்குகள் 12 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. கையேட்டைப் பார்த்துவிட்டுச் செருகுங்க. ஃபியூஸ் ஒன்று கட்டாயம். பேட்டரிப் பையை வெயிலில் பாறை மேல் வைக்காதீங்க, நிழலில் தண்ணீர்ப் பாட்டில் பக்கத்தில் வைங்க. சூரியத்தகடு வேண்டுமா என்று கேட்பார்கள். ஒரு நாள் ஏறி இறங்குகிறவருக்கு அது வீண் சுமை.

7. ஹேண்டி என்கிற கையடக்க ரேடியோ மட்டும் போதுமா என்று கேட்பவர்களுக்கு: முதல் மலைக்குப் போதும். இரண்டு மீட்டர் பேண்ட் நம் நாட்டில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. இந்த அலை ஏறத்தாழ கண் பார்வை தூரம் போகும். சுற்றுச் சமவெளிக்கு மேல் எத்தனை மீட்டர் உயரத்தில் நிற்கிறீர்களோ அதன் வர்க்கமூலத்தை 4.1-ஆல் பெருக்குங்க. 400 மீட்டர் என்றால் இருபதை 4.1-ஆல் பெருக்கி 82 கிலோமீட்டர். சங்ககிரிப் பக்கத்து உச்சியில் அந்த உயரத்தில் நின்றால் ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர் எல்லாம் வட்டத்துக்குள். எதிராளியும் மொட்டை மாடியிலோ மலையிலோ இருந்தால் அவருடைய தூரமும் சேர்ந்துகொள்ளும்.

ஹேண்டியோடு வரும் ரப்பர் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு அரை மீட்டர் நீள கால் அலைக் கம்பி போடுங்க. அல்லது பழைய டிவி ஆன்டெனாவுக்கு வந்த தட்டை வயரில் ஒன்றரை மீட்டர் எடுத்து ஜே-போல் செய்து கம்பில் தொங்கவிடுங்க. சுருட்டினால் உள்ளங்கைக்குள். ஸ்டீல் அளவு டேப்பை வெட்டி மூன்று உறுப்பு யாகி செய்கிறவர்களும் உண்டு, மடக்கிப் பைக்குள் திணிக்கலாம் என்பது அதன் அழகு. ஆனால் ஏற்காடு, ஊட்டி மாதிரி டவர் நிறைந்த உச்சியில் மலிவு ஹேண்டிகளுக்குக் காது அடைத்துவிடும். பக்கத்து டவரின் சக்தி உள்ளே புகுந்து பலவீனமான குரலை விழுங்கிவிடும். அங்கே கொஞ்சம் நல்ல ரிசீவர் வேண்டும், இல்லாவிட்டால் டவரிலிருந்து நூறு இருநூறு மீட்டர் தள்ளி உட்காரணும்.

7, 14 மெகாஹெர்ட்ஸ் மாதிரி எச்எஃப் பேண்டுகளுக்கான ரிக் கொண்டு போனாலும் ஹேண்டியை விட்டுவிட்டுப் போகாதீங்க. செல்போன் சிக்னல் இல்லாத சரிவில் கால் பிசகினால், ஊரில் காது வைத்திருக்கும் ஒரு நண்பரிடம் சேதி சொல்ல அதுதான் இருக்கும். எந்த அலைவரிசை, எத்தனை மணிக்கு என்று புறப்படும் முன்பே அவரிடம் பேசி வைங்க.

8. மோர்ஸ் கற்றுக்கொள்ளுங்க. பைக்குள் எடையில்லாத சாமான் அது ஒன்றுதான். குரல் ஏறத்தாழ 2.5 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் பரவுகிற இடத்தில் மோர்ஸ் சில நூறு ஹெர்ட்ஸுக்குள் நிற்கும். சக்தி சிதறுவதில்லை, கேட்பவரும் வடிகட்டியை இறுக்கிக் கேட்கலாம். குரலில் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்த 5 வாட், மோர்ஸில் கண்டம் தாண்டும். ஜெனரல் கிரேடு தேர்வுக்காகக் கற்றுவிட்டு மறந்துபோனவர்கள் மறுபடி எடுங்க. மோர்ஸ் மட்டும் போதும் என்று முடிவெடுத்தால் ரிக்கும் கையடக்கமாகும், பேட்டரியும் பாதியாகும்.

9. காகிதமும் அனுமதியும். லைசன்ஸ் இல்லாமல் அனுப்பும் பட்டனைத் தொடாதீங்க, மலையில் யார் பார்க்கப்போகிறார்கள் என்ற பேச்சே வேண்டாம். பன்னிரண்டு வயது ஆனாலே தேர்வு எழுதலாம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு உரிமம் கொடுக்கிறது. ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு வியூ3 என்று தொடங்கும் அழைப்புக்குறி, 50 வாட் வரை. மலைக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும் என்பதால், சின்ன லைசன்ஸ் என்று யாரும் குறைப்பட வேண்டியதில்லை. வீட்டை விட்டு வேறு இடத்தில் இயக்குவதற்கு உங்கள் உரிமத்தில் என்ன நிபந்தனை எழுதியிருக்கிறது என்று வரி வரியாகப் படித்துக்கொண்டு, நகலைப் பையில் வைங்க.

இதைவிட முக்கியம் காடு. பர்கூர், அந்தியூர், சத்தியமங்கலம், தாளவாடி மலைகளின் கதை உங்களுக்குத் தெரியும். 2004 அக்டோபரில் வீரப்பன் சுட்டுக் கொல்லப்படும் வரை, அந்தப் பக்கம் வயர்லெஸ் என்றாலே அதிரடிப்படை. ஒரு தலைமுறை அந்த பயத்தோடு வாழ்ந்திருக்கிறது. தெரியாத ஆள் பாறை மேல் வயரைக் கட்டி, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, எண்ணும் எழுத்துமாகப் பேசிக்கொண்டிருந்தால் ஊர்க்காரர் சந்தேகப்படுவதில் தப்பே இல்லை. ஏறும் முன் ஊர்ப் பெரியவரிடம் போய் நின்று, "ஏனுங்க, இது பேசற ரேடியோங்க, வந்து கேட்டுப் பாருங்க" என்று சொல்லுங்க. காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்வதும் நல்லது. சத்தியமங்கலம் 2013 முதல் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது, யானைக்கு உங்கள் அழைப்புக்குறி தெரியாது. வெள்ளியங்கிரிக்கு வனத்துறை பருவம் பார்த்துத்தான் விடுகிறது, பக்தர் கூட்டமும் அப்போதுதான். அங்கே ரேடியோ ஆசையைத் தள்ளி வைத்துவிட்டு வெறும் மூங்கில் தடியோடு ஏறிவிட்டு வாங்க.

10. வெயில், காற்று, இடி, குரங்கு, தேனீ. சித்திரை வைகாசியில் கோடை இடிமழை மத்தியானத்துக்கு மேல்தான் திரளும். மொட்டைப் பாறையில் ஆறு மீட்டர் கம்பை நட்டு வயர் பிடித்துக்கொண்டிருப்பவர் அந்த வட்டாரத்திலேயே உயரமான பொருள். வடக்கே கருத்தாலோ, காதில் சடசடவென்று விழுந்தாலோ, பாதிப் பேச்சில் இருந்தாலும் 73 என்று சொல்லி விடைபெற்றுவிட்டுக் கம்பை இறக்குங்க. விடியலில் ஏறி, உச்சி வெயிலுக்கு முன் இறங்குவது எல்லா வகையிலும் நல்லது. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கம்பை வில்லாக வளைக்கும். அந்த மாதங்களில் நூல் மூன்று போதாது, ஆறாகக் கட்டுங்க.

கோயில் மலைக் குரங்குக்குப் பையின் ஜிப்பைத் திறக்கத் தெரியும். ரிக்கைப் பையோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டி வைங்க. தின்பண்டம் வேறு பையில். பாறை இடுக்கில் மலைத்தேன் கூடு தொங்குகிறதா என்று பார்க்காமல், கயிறு போடுகிறேன் என்று கல்லை வீசக் கூடாது.

11. லாக் எழுதக் காகிதமும் பென்சிலும். நேரம் யூடிசியில். நம் கடிகாரத்தில் ஐந்தரை மணி நேரம் கழிக்கணும். இதில் ஒரு சிக்கல்: விடியற்காலை ஐந்தரைக்கு முன் பேசினால் யூடிசியில் முந்தின நாள் தேதி. சூரிய உதயத்தின்போது உச்சியில் இருக்கிறவர்களுக்கு ஒரே ஏற்றத்தில் இரண்டு தேதி வந்துவிடும், எதிராளியின் லாக்கோடு ஒத்துப்போகாமல் போகும்.

12. மொட்டை மாடியில் ஒத்திகை. மலைக்குக் கொண்டு போகும் அதே பை, அதே சாமான், வீட்டிலிருந்து வேறு எதுவும் எடுக்கக் கூடாது. கட்டிப் பேசி அவிழ்த்துச் சுருட்டுங்க. எந்தக் கனெக்டர் விட்டுப்போச்சு என்று அப்போது தெரிந்துவிடும். எஸ்டபிள்யூஆர் பார்த்து வயரை நறுக்குவதும் இங்கேயே.

13. இப்போது ரிக். இதுவரை சொன்னதை முடித்திருந்தால் உங்களுக்கே பாதி விடை கிடைத்திருக்கும்: எந்த மலை, எந்த பேண்ட், குரலா மோர்ஸா, எத்தனை ஆம்பியர்.

வீட்டு மேசைக்கு வாங்கிய 100 வாட் ரிக்கை மலைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்பது பலரும் போடும் திட்டம். ஐசி-7300 நல்ல ரிக்தான். எடை 4.2 கிலோ, முழுச் சக்தியில் 21 ஆம்பியர் கேட்கும். அதற்கு ஏற்ற பேட்டரி, அதற்கு ஏற்ற பை என்று சுமை தானாக வளரும்.

மலைக்காரர்களிடம் நெடுநாளாக ஓடுவது யேசுவின் எஃப்டி-817-ம் அதன் வழிவந்த 818-ம். 5 அல்லது 6 வாட், எச்எஃப் முதல் 70 சென்டிமீட்டர் வரை எல்லா முறையும், பேட்டரி ஆன்டெனாவோடு ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டும். கேட்கும்போதே மின்சாரம் கொஞ்சம் அதிகம் குடிக்கும், அந்த 0.45 ஆம்பியர் இதன் கணக்குதான். புதியது இப்போது வருவதில்லை, பழையது கை மாறும். ஐகாம் 2020-ல் கொண்டுவந்த ஐசி-705 ஏறத்தாழ அதே எடையில் வண்ணத்திரையும் 10 வாட்டும் தருகிறது. பேட்டரியில் மட்டும் ஓட்டினால் 5 வாட். விலை கேட்டால் மூச்சு வாங்கும், அது ஏறாமலேயே வாங்குகிற மூச்சு. எலகிராஃப்ட் கேஎக்ஸ்2 பேட்டரி இல்லாமல் 370 கிராம், கேட்க 0.135 ஆம்பியர் போதும். மலைக்கென்றே செய்தது அது என்று சொல்வேன். ஆனால் இரண்டு மீட்டர் அதில் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதில் இறக்குமதி விதி, சுங்கவரி எல்லாவற்றையும் முதலில் விசாரித்துவிட்டுக் காசு அனுப்புங்க.

என்னைக் கேட்டால், சாலிடரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த பிள்ளைகள் முதலில் பார்க்க வேண்டியது ஐதராபாத் பக்கம். அந்த ஊர் ஹாம் அஷ்ஹர் ஃபர்ஹான் (வியூ2இஎஸ்இ) வடிவமைத்த பிட்எக்ஸ் ரிக், நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பாகங்களை வைத்தே கட்டும்படி யோசித்தது. ஆரம்ப வடிவத்தில் காயில் சுற்றத் தண்ணீர்க் குழாயின் பிளாஸ்டிக் வாஷரைப் பயன்படுத்தினார். 2016-ல் 7 மெகாஹெர்ட்ஸுக்கு மட்டுமான பிட்எக்ஸ்40 வந்தது, 2017 கடைசியில் எச்எஃப் முழுவதற்கும் மைக்ரோபிட்எக்ஸ். உலகம் முழுக்க வாங்கிக் கட்டினார்கள். பெட்டி செய்வது நம் வேலை, ஆக எடையும் நம் கையில்: இரும்புப் பெட்டிக்குப் பதில் பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பாவுக்குள் தாமிரத் தகடு ஒட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். 1941-லேயே ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று சொன்ன ஜி.டி. நாயுடு வாழ்ந்த நாடு இது, கட்டுவதற்குத் தயங்கினால் எப்படி? தானே கட்டிய ரிக் மலையில் நின்றுபோனால் எந்த இடத்தில் தொடணும் என்று தெரியும். அது எந்த விலையுயர்ந்த ரிக்கும் தராத வசதி.

பழைய ரிக் வாங்குகிறவர்கள் இவ்வளவும் செய்யுங்க. விற்பவர் லைசன்ஸ் உள்ள ஹாம்தானா என்று பாருங்க, அவர் கையெழுத்தில் விற்பனைக் கடிதம் வாங்குங்க. டம்மி லோட் மாட்டி, ஒவ்வொரு பேண்டிலும் எத்தனை வாட் வருகிறது என்று அவர் முன்னாலேயே அளங்க. ஒரு பேண்டில் மட்டும் குறைந்தால் வடிகட்டியோ ரிலேயோ போயிருக்கும், எல்லாவற்றிலும் குறைந்தால் ஃபைனல் டிரான்சிஸ்டர். மைக் சாக்கெட், பவர் சாக்கெட் இரண்டையும் ஆட்டிப் பாருங்க, மலையில் முதலில் விடுவது அவைதான். திரையை வெயிலில் கொண்டுபோய்ப் படிக்க முடிகிறதா என்று பாருங்க. கடைசியாக, பேட்டரியில் ஓட்டி, வோல்ட் 11-க்கு இறங்கும்போது அனுப்பினால் குரல் உடைகிறதா என்று இன்னொரு ரிசீவரில் கேளுங்க. உடைந்தால் விலையில் பேசுங்க, இல்லையென்றால் எழுந்து வாங்க.